சர்வர் நிர்வாக ஸ்கிரிப்டுகளை எல்லா இயங்குதளப் பதிப்புகளிலும் ஓடச் செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 12.04 பதிப்பு ஓடிக்கொண்டிருந்த ஒரு சர்வரை 14.04-க்கு மேம்படுத்திய இரவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. புதிய தளத்தைச் சேர்ப்பதற்காக நான் எழுதி வைத்திருந்த ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக ஓட்டும் சிறு நிரல்) வழக்கம்போல ஓடி, ஒரு பிழைச் செய்தியும் இல்லாமல் 'முடிந்தது' என்று சொன்னது. ஆனால் எந்தத் தளத்தைத் திறந்தாலும் அப்பாச்சி என்ற வலை சர்வர் மென்பொருளின் வரவேற்புப் பக்கமே வந்து நின்றது. பழைய பதிப்பில் இருந்த அப்பாச்சி 2.2, 'சைட்ஸ்-எனேபிள்ட்' அடைவில் கிடந்த எல்லாக் கோப்புகளையும் படித்தது. புதிய பதிப்பில் வந்த 2.4-இன் முதன்மை அமைவுக் கோப்போ, '.கான்ஃப்' என்று முடியும் கோப்புகளை மட்டுமே படிக்கும்படி எழுதப்பட்டிருந்தது. என் ஸ்கிரிப்ட் உருவாக்கிய கோப்புகளுக்கு அந்தப் பின்னொட்டு கிடையாது. போதாக்குறைக்கு, இயல்பான ஆவண அடைவும் 'வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ' என்பதிலிருந்து அதற்குள் இருக்கும் 'எச்டிஎம்எல்' அடைவுக்கு இடம் மாறியிருந்தது.

அந்த ஸ்கிரிப்டில் தவறான வரி என்று ஒன்றுமே இல்லை என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. அது தன் கீழே இருக்கும் இயங்குதளத்தைப் பற்றி நான்கைந்து அனுமானங்களை வைத்திருந்தது. அவற்றைச் சரிபார்க்கவே இல்லை. ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே வேலையைத்தான் செய்கிறது: ஸ்கிரிப்டுக்குள் ஒளிந்திருக்கும் அனுமானங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, அவற்றை ஓடும் நேரத்தில் கேட்கப்படும் கேள்விகளாக மாற்றுவது. உதாரணங்கள் பெரும்பாலும் லினக்ஸ் சர்வர்களையும் அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் ஆகிய இரண்டு வலை சர்வர் மென்பொருள்களையும் சார்ந்தவை.

முதல் படி: எவற்றை ஆதரிக்கிறீர்கள் என்று எழுதி வையுங்கள்

'எல்லாவற்றிலும் ஓட வேண்டும்' என்பது ஓர் ஆசை மட்டுமே. அதை வைத்துச் சோதனை செய்ய முடியாது. ஸ்கிரிப்டின் தலைப்பகுதியிலேயே 'உபுண்டு 20.04, 22.04, 24.04, டெபியன் 11, 12, ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8, 9 மற்றும் அதன் வழித்தோன்றல்கள்' என்பது போன்ற ஒரு பட்டியலை எழுதி வையுங்கள். பட்டியலில் இல்லாத இயங்குதளத்தில் ஓடினால், ஸ்கிரிப்ட் எதையும் தொடாமல், காரணத்தைச் சொல்லிவிட்டு நிற்க வேண்டும். 'ஏறத்தாழ ஒத்துப்போகும், ஓட்டித்தான் பார்ப்போமே' என்ற தாராளம் ரூட் (கணினியில் எதையும் மாற்றக்கூடிய) அதிகாரத்தோடு ஓடும் ஸ்கிரிப்டுக்கு உகந்ததன்று.

பட்டியலிலிருந்து எவற்றை நீக்குவது என்பதும் இதே அளவு முக்கியம். ரெட் ஹாட்டின் வழித்தோன்றலான சென்ட்ஓஎஸ் 8-இன் ஆதரவு 2021 டிசம்பர் 31-உடனும், சென்ட்ஓஎஸ் 7-இன் ஆதரவு 2024 ஜூன் 30-உடனும் முடிந்துவிட்டன. அவற்றின் பேக்கேஜ்கள் (நிறுவத் தயாரான மென்பொருள் தொகுப்புகள்) வழக்கமான மிரர்களிலிருந்து, அதாவது பதிவிறக்க நகல் தளங்களிலிருந்து, அகற்றப்பட்டு, 'வால்ட்' என்னும் காப்பகத்துக்கு மாற்றப்பட்டுவிட்டதால், நிறுவல் முகவரியைத் திருத்தாத சென்ட்ஓஎஸ் 7 சர்வரில் பேக்கேஜ்களை நிறுவும் 'யம்' கட்டளையே தோற்றுப்போகும். அப்படிப்பட்ட சர்வர் ஒன்றை இன்னும் பராமரிக்க வேண்டியிருந்தால், அதற்கெனப் பழைய ஸ்கிரிப்டைத் தனியே உறைநிலையில் வைத்துவிடுவதே நல்லது. புதிய ஸ்கிரிப்டை அதற்காக வளைத்தால் அதன் பாதி வரிகள் இறந்துபோன பதிப்புகளுக்கான விதிவிலக்குகளாகவே நிரம்பிவிடும்.

இரண்டாம் படி: ஷெல் எது என்பதை முடிவுசெய்யுங்கள்

ஸ்கிரிப்டின் கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரலே ஷெல்; பாஷ், டாஷ், ஆஷ் என்று அதில் பல வகை உண்டு. முதல் வரியில் 'பின்/எஸ்எச்' என்று எழுதிவிட்டு உள்ளே பாஷ் மொழியில் எழுதுவதுதான் நான் மிக அதிகமாகப் பார்த்திருக்கும் கோளாறு. ரெட் ஹாட் குடும்பத்தில் அந்தப் பெயருக்குப் பின்னால் பாஷ் இருப்பதால் எல்லாம் சரியாக ஓடும். உபுண்டுவில் 2006-இல் வந்த 6.10 பதிப்பு முதலும், டெபியனில் 2011-இல் வந்த 6-ஆம் பதிப்பு முதலும் அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது டாஷ். ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸில் இருப்பது பிஸிபாக்ஸ் கருவித்தொகுப்பின் ஆஷ்.

இரட்டைச் சதுர அடைப்புக்குறி போன்றவை டாஷில் உடனே பிழை காட்டிவிடும். அவற்றால் பெரிய ஆபத்து இல்லை. ஆபத்தானது பிழையே காட்டாத வகை. அதற்கு ஓர் உதாரணத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். அமைவுச் சோதனைக் கட்டளையை ஒரு நிபந்தனைக்குள் வைத்து, அதன் வெளியீடு முழுவதையும் '&>' குறியால் ஒரு பதிவுக் கோப்புக்குத் திருப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாஷில் இதன் பொருள் 'வெளியீட்டையும் பிழையையும் சேர்த்துக் கோப்பில் எழுது' என்பது. டாஷ் இதே வரியை இரண்டாகப் பிரித்துப் படிக்கும்: '&' வரை உள்ளதைப் பின்னணியில் ஓடவிடும்; பிறகு '>' என்பதைத் தனிக் கட்டளையாகக் கொண்டு கோப்பைக் காலியாக்கும். கோப்பைக் காலியாக்குவது எப்போதும் வெற்றியடையும் என்பதால் நிபந்தனையும் எப்போதும் உண்மையாகவே முடியும். அமைவுக் கோப்பு உடைந்திருந்தாலும் சோதனை தேறிவிட்டதாக எண்ணி உங்கள் ஸ்கிரிப்ட் சர்வரை மறுதொடக்கம் செய்யும். திருப்பும் குறிகளை '>' என்றும் '2>&1' என்றும் பிரித்து எழுதினால் எல்லா ஷெல்களிலும் ஒரே பொருள்தான்.

என் நடைமுறை இது: நூறு வரிக்குள் அடங்கும் ஸ்கிரிப்டைப் போசிக்ஸ் ஷெல்லில் (யூனிக்ஸ் வகைகளுக்கான பொதுத் தரத்தில்) எழுதுகிறேன், அதற்கு மேல் போனாலோ, அணிகள் (அரே) தேவைப்பட்டாலோ, முதல் வரியில் பாஷ் என்று வெளிப்படையாக அறிவித்துவிடுகிறேன். ஃப்ரீபிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகையில் பாஷ் 'யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்' அடைவில் நிறுவப்படுவதால், நேரடிப் பாதைக்குப் பதில் 'என்வ்' வழியாக அழைப்பது பாதுகாப்பானது. அதோடு, மேக்ஓஎஸ் இன்னும் பாஷ் 3.2-ஐத்தான் தருகிறது, பெயரை வைத்துத் தேடும் அணிகள் 2009-இல் வந்த 4.0-இல்தான் அறிமுகமாயின. தன் மேக் கணினியில் எழுதிச் சோதிப்பவருக்கு இது முதல் நாளிலேயே தெரிந்துவிடும் என்பது ஆறுதல்.

மூன்றாம் படி: இயங்குதளத்தை அடையாளம் காணுதல்

இதற்கு 'ஈடிசி' அடைவில் உள்ள 'ஓஎஸ்-ரிலீஸ்' என்ற கோப்பே இன்றைய பொதுவழி. கணினியின் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டி திட்டம் 2012 வாக்கில் இதைக் கொண்டுவந்தது. ஆல்பைன் போல சிஸ்டம்டியைப் பயன்படுத்தாத இயங்குதளங்களும் இப்போது இதைத் தருகின்றன. 'எல்எஸ்பி-ரிலீஸ்' கட்டளையை நம்ப வேண்டாம். சிறிய நிறுவல்களிலும் கன்டெய்னர்களிலும் (ஒரு கணினிக்குள் தனித்து ஓடும் சிறு சூழல்களிலும்) அது பெரும்பாலும் இருக்காது.

அந்தக் கோப்பில் நமக்கு வேண்டியவை மூன்று: 'ஐடி', 'ஐடி-லைக்', 'வெர்ஷன்-ஐடி'. ராக்கி லினக்ஸின் 'ஐடி' அதன் சொந்தப் பெயராக இருக்கும். 'ஐடி-லைக்' மதிப்பில்தான் 'ரெல்', 'சென்ட்ஓஎஸ்', 'ஃபெடோரா' என்ற மூதாதையர் வரிசை வரும். எனவே முதலில் 'ஐடி'-யைப் பாருங்கள். அது பட்டியலில் இல்லையென்றால் 'ஐடி-லைக்' வழியாகக் குடும்பத்தைக் கண்டுபிடியுங்கள்.

இந்தக் கோப்பைப் படிப்பதில் சில பள்ளங்கள் உண்டு. இது ஷெல் மாறிகளின் வடிவில் இருப்பதால் பலரும் அப்படியே ஸ்கிரிப்டுக்குள் ஏற்றிவிடுகிறார்கள். அதில் 'நேம்', 'வெர்ஷன்' போன்ற மிகப் பொதுவான பெயர்கள் இருப்பதால், உங்கள் ஸ்கிரிப்டில் ஏற்கனவே அதே பெயரில் இருந்த மாறிகள் சத்தமில்லாமல் அழிந்துபோகும். துணை ஷெல் ஒன்றில் ஏற்றி, வேண்டிய மதிப்பை மட்டும் வெளியே எடுங்கள். டெபியனின் டெஸ்டிங் கிளையில் 'வெர்ஷன்-ஐடி' இல்லாமலே போகலாம். உபுண்டு '22.04' என்று தரும் இடத்தில் டெபியன் '12' என்றும், ரெட் ஹாட் குடும்பம் '9.3' என்பது போலவும், ஆல்பைன் மூன்று பகுதிகளோடும் தரும். இவற்றை எழுத்துச்சரங்களாக ஒப்பிட்டால் '10' என்பது '9'-ஐ விடச் சிறியதாகிவிடும். புள்ளியில் பிரித்து, முதல் பகுதியை எண்ணாக மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும்.

நான்காம் படி: பதிப்பைக் கேட்காமல், வசதியைக் கேளுங்கள்

அடையாளம் காண்பது எப்படி என்று இவ்வளவு நீளமாகச் சொல்லிவிட்டு, அதை இயன்றவரை பயன்படுத்தாதீர்கள் என்று சொல்வது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் 'இது உபுண்டு 15.04-க்கு மேற்பட்டதா' என்ற கேள்வியின் பின்னால் நாம் உண்மையில் அறிய விரும்புவது 'இங்கே சிஸ்டம்டி ஓடுகிறதா' என்பதுதான். அதை நேரடியாகவே கேட்கலாமே! சி நிரல்களைப் பல யூனிக்ஸ் வகைகளில் கட்டமைப்பதற்காக 1991-இல் தொடங்கப்பட்ட ஆட்டோகான்ஃப், இந்த வழியைத்தான் பின்பற்றியது: இயங்குதளத்தின் பெயரை நம்பாமல், வேண்டிய வசதி இருக்கிறதா என்று சிறு சோதனை செய்து பார்ப்பது.

சிஸ்டம்டி விஷயத்தில் சரியான கேள்வி, 'ரன்/சிஸ்டம்டி/சிஸ்டம்' என்ற அடைவு இருக்கிறதா என்பது. 'சிஸ்டம்சிடிஎல்' கட்டளை இருக்கிறதா என்று கேட்பது போதாது. ஏனெனில் கன்டெய்னருக்குள் அந்தக் கட்டளை நிறுவப்பட்டிருக்கலாம்; ஆனால் முதல் செயல்முறையாக ஓடுவது சிஸ்டம்டியாக இருக்காது, எனவே அழைத்த உடனே அது மறுத்துவிடும்.

கட்டளை ஒன்று இருக்கிறதா என்று பார்க்க 'விச்' என்பதைக் கைவிட்டு, போசிக்ஸ் தரத்தில் உள்ள 'கமாண்ட்' கட்டளையைச் சிறிய 'வி' தெரிவோடு பயன்படுத்துங்கள். 'விச்' சில சிறிய நிறுவல்களில் இருப்பதே இல்லை.

எல்லாவற்றையும் இப்படிக் கேட்டுவிட முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பேக்கேஜின் பெயர் என்ன என்பது போன்றவற்றுக்கு இயங்குதளத்தின் பெயரைத்தான் கேட்க வேண்டியிருக்கும். அங்கேதான் அடுத்த படி வருகிறது.

ஐந்தாம் படி: வேறுபடும் பெயர்களை ஒரே இடத்தில் சேருங்கள்

ஸ்கிரிப்ட் முழுவதும் 'டெபியன் என்றால் இது, ரெட் ஹாட் என்றால் அது' என்ற நிபந்தனைகள் சிதறிக் கிடந்தால், புதிய பதிப்பு ஒன்று வரும்போது எந்த இருபது இடங்களைத் திருத்துவது என்று யாருக்கும் தெரியாது. அதற்குப் பதிலாக, தொடக்கத்தில் ஒரே ஒரு ஃபங்ஷன் இயங்குதளத்தைப் பார்த்து எட்டுப் பத்து மாறிகளை நிரப்பட்டும். மீதி ஸ்கிரிப்டுக்கு அந்த மாறிகள் மட்டுமே தெரியட்டும்.

அப்பாச்சிக்கு மட்டுமே நிரப்ப வேண்டியவற்றைப் பாருங்கள். டெபியன் குடும்பத்தில் பேக்கேஜும் சேவையும் 'அப்பாச்சி2', அமைவு அடைவு 'ஈடிசி/அப்பாச்சி2', பதிவுகள் 'வார்/லாக்/அப்பாச்சி2', இயங்கும் பயனர் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா'. ரெட் ஹாட் குடும்பத்தில் பேக்கேஜ், சேவை, அமைவு அடைவு, பதிவு அடைவு எல்லாம் 'எச்டிடிபிடி' என்ற பெயரில். பயனர் மட்டும் 'அப்பாச்சி'. சூசேயில் பேக்கேஜ் 'அப்பாச்சி2', பயனர் 'டபிள்யூடபிள்யூடபிள்யூரன்'. ஃப்ரீபிஎஸ்டியில் பேக்கேஜ் 'அப்பாச்சி24', அமைவு 'யூஎஸ்ஆர்/லோக்கல்/ஈடிசி' அடைவின் கீழ், பயனர் வெறும் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ'. தளங்களைச் செயலாக்கும் 'ஏ2என்சைட்' கட்டளையும் அதன் சிம்லிங்க் (வேறொரு கோப்பைச் சுட்டும் இணைப்பு) ஏற்பாடும் டெபியன் குடும்பத்தின் வழக்கம். ரெட் ஹாட்டில் 'கான்ஃப்.டி' அடைவில் கோப்பை வைத்தாலே போதும்.

என்ஜின்எக்ஸில் இன்னொரு நுட்பம் உண்டு. டெபியனின் சொந்தப் பேக்கேஜ் 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா' பயனராக இயங்கும்; அதே டெபியனில் என்ஜின்எக்ஸ் திட்டத்தின் களஞ்சியத்திலிருந்து நிறுவியிருந்தால், பயனர் பெயர் 'என்ஜின்எக்ஸ்'. எனவே இயங்குதளத்தை வைத்துப் பயனரை ஊகிக்காமல், அமைவுக் கோப்பில் உள்ள 'யூசர்' வரியிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிஎச்பி நிரல்களை ஓட்டும் பிஎச்பி-எஃப்பிஎம் சேவைக்கும் இதே கதைதான். டெபியன் குடும்பத்தில் சேவையின் பெயரிலேயே பதிப்பு எண் ஒட்டிக்கொண்டிருக்கும்: உபுண்டு 20.04-இலும் டெபியன் 11-இலும் 7.4, உபுண்டு 22.04-இல் 8.1, டெபியன் 12-இல் 8.2, உபுண்டு 24.04-இல் 8.3. ரெட் ஹாட்டில் எண்ணே இல்லாத பெயர். இந்த எண்களை ஒரு பட்டியலாக ஸ்கிரிப்டுக்குள் எழுதி வைத்தால் அது ஈராண்டுக்கு ஒருமுறை காலாவதியாகும். நிறுவப்பட்டுள்ள சேவைகளில் இந்தப் பெயர்மாதிரிக்குப் பொருந்துவதைத் தேடி எடுங்கள்; ஒன்றுக்கு மேல் கிடைத்தால் நீங்களாகத் தேர்ந்தெடுக்காமல் பயனரிடம் கேளுங்கள்.

ஆறாம் படி: நிறுவுதலும் சேவைகளும்

பேக்கேஜ் நிறுவ ஒரு ஃபங்ஷன், சேவையைக் கையாள ஒரு ஃபங்ஷன் என்று இரண்டை எழுதி, மற்ற எல்லா இடங்களிலும் அவற்றை மட்டுமே அழையுங்கள்.

டெபியன் குடும்பத்தில் 'ஏபிடி' என்ற கட்டளை மனிதர்களுக்கானது. ஸ்கிரிப்டில் பயன்படுத்தினால், அதன் இடைமுகம் நிலையானதல்ல என்று அதுவே எச்சரிக்கும். ஸ்கிரிப்டுக்கு உரியது 'ஏபிடி-கெட்'. கேள்வி கேட்டு நின்றுவிடாமல் இருக்க, டெபியன் ஃபிரண்ட்எண்ட் சூழல் மாறியை 'நான்இன்டராக்டிவ்' என்று வைக்க வேண்டும். அதுவும் முழுமையாகப் போதாது: நீங்கள் திருத்திய அமைவுக் கோப்பின் புதிய வடிவம் பேக்கேஜோடு வரும்போது 'எதை வைத்துக்கொள்வது' என்று 'ஏபிடி-கெட்'டுக்கு அடியில் இயங்கும் டிபிகேஜி தனியாகக் கேட்கும். பழையதையே வைத்துக்கொள்ளும் தெரிவையும் சேர்த்துக் கொடுங்கள். உபுண்டு 22.04-இல், 'நீட்ரீஸ்டார்ட்' என்ற கருவியும் 'எந்தச் சேவைகளை மறுதொடக்கம் செய்யட்டும்' என்று ஒரு திரையை விரித்துக் காத்திருக்கலாம். அதற்கும் சூழல் மாறி ஒன்று உண்டு. நள்ளிரவில் கிரான் (குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் சேவை) வழியே ஓடும் ஸ்கிரிப்ட் யாரும் பார்க்காத கேள்வியோடு விடியும்வரை காத்திருப்பதற்கு இந்த மூன்றில் ஒன்றுதான் வழக்கமான காரணம்.

ரெட் ஹாட் 8 முதல் 'யம்' என்பது 'டிஎன்எஃப்' என்ற புதிய நிறுவல் கட்டளையைச் சுட்டும் பெயர் மட்டுமே என்பதால், பழைய பெயரையே எழுதினாலும் ஓடும்.

குடும்பங்களுக்கிடையே உள்ள ஒரு நடத்தை வேறுபாடு பலருக்குத் தெரிவதில்லை. டெபியன் குடும்பத்தில் சர்வர் பேக்கேஜை நிறுவிய கணமே சேவை தொடங்கிவிடும். கணினி தொடங்கும்போது தானாக ஓடவும் பதிவாகிவிடும். ரெட் ஹாட்டில் இரண்டையும் நீங்கள்தான் செய்ய வேண்டும். அப்பாச்சி ஓடும் டெபியன் சர்வரில் என்ஜின்எக்ஸை நிறுவினால், 80-ஆம் போர்ட் ஏற்கனவே பிடிபட்டிருப்பதால் அதனால் தொடங்க முடியாது. நிறுவலே தோல்வியடைந்ததாக உங்கள் ஸ்கிரிப்ட் நின்றுபோகலாம். ஆகவே எந்த நிலையையும் அனுமானிக்காமல், 'தொடங்கு', 'தானாகத் தொடங்கச் செய்' என்ற இரண்டையும் எல்லா இயங்குதளங்களிலும் வெளிப்படையாகக் கொடுத்துவிடுங்கள். ஏற்கனவே அந்த நிலையில் இருந்தால் அவை எதுவும் செய்யாது.

ஏழாம் படி: அமைவுக் கோப்பின் இலக்கணம்

இதுவே இந்த வேலையின் மையம். சர்வர் மென்பொருளின் பதிப்பு மாறும்போது அமைவு மொழியும் மாறுகிறது. அதன் பதிப்பை இயங்குதளத்திலிருந்து ஊகிக்காமல் அந்த மென்பொருளிடமே கேட்க வேண்டும்.

அப்பாச்சி 2.2-இல் அணுகல் விதிகள் 'ஆர்டர்', 'அலவ்', 'டினை' என்று எழுதப்பட்டன. 2012-இல் வந்த 2.4 அவற்றை 'ரிக்வயர்' என்ற ஒன்றால் மாற்றியது. இரண்டையும் தாங்கும் கோப்பு தேவையென்றால், 2.4-இல் மட்டும் உள்ள 'ஆத்ஸ்-கோர்' மாட்யூல் இருக்கிறதா என்ற நிபந்தனைத் தொகுதிக்குள் புதிய வடிவத்தையும், அதன் மறுப்புத் தொகுதிக்குள் பழையதையும் வைக்கலாம். கோப்பே தன்னைத் தகவமைத்துக்கொள்வதால் ஸ்கிரிப்டில் பிரிவே தேவையில்லை. பழைய வடிவத்தையும் புதியதையும் ஒரே இடத்தில் கலந்து எழுதுவது மட்டும் வேண்டாம். பழையவற்றைத் தாங்கும் இணக்க மாட்யூல் அதை ஏற்றுக்கொண்டாலும், யாருக்கு அனுமதி என்பது எளிதில் கணிக்க முடியாததாகிவிடும்.

என்ஜின்எக்ஸில் இப்படி நிபந்தனைத் தொகுதி எழுதும் வசதி கிடையாது. எச்டிடிபி/2-ஐ இயக்கும் தெரிவு முன்பு 'லிசன்' வரியின் இறுதியில் ஒரு சொல்லாக இருந்தது. 2023-இல் வந்த 1.25.1 முதல் தனி டைரக்டிவாக (அமைவுக் கட்டளையாக) ஆகிவிட்டது. புதிய வடிவத்தை டெபியன் 12-இல் உள்ள 1.22-இலோ, உபுண்டு 24.04-இல் உள்ள 1.24-இலோ எழுதினால் 'தெரியாத டைரக்டிவ்' என்று சர்வர் தொடங்கவே மறுக்கும். பழைய வடிவத்தைப் புதிய பதிப்பில் எழுதினால் எச்சரிக்கையோடு ஓடிவிடும். எனவே எழுதும் முன் பதிப்பைக் கேட்டுத்தான் வரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ் 1.3 நெறிமுறையின் அமைவுக்கு இன்னொரு அடுக்கு சேருகிறது. அது மறையாக்க நூலகமான ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1-இல், அதாவது 2018-இல்தான் வந்தது. சர்வர் மென்பொருள், அதன் கீழுள்ள ஓபன்எஸ்எஸ்எல் ஆகிய இரண்டும் ஆதரிக்க வேண்டும் என்பதால், பழைய சர்வரில் இந்த ஒரு சொல்லே முழு அமைவையும் செல்லாததாக்கிவிடும்.

ஆகவே கோப்பை எழுதும் முறை இப்படி இருக்கட்டும். பழைய கோப்பை நகலெடுத்து வையுங்கள். புதியதைத் தற்காலிகக் கோப்பாக எழுதி, பிறகு பெயர் மாற்றி அதன் இடத்தில் வையுங்கள். சர்வரின் சொந்தச் சோதனைக் கட்டளையை ஓட்டுங்கள். தேறினால் மட்டும் ரீலோடு செய்யுங்கள். தேறாவிட்டால் நகலைத் திரும்ப வைத்து, பிழை எண்ணோடு வெளியேறுங்கள்.

தற்காலிகக் கோப்பை எங்கே உருவாக்குகிறீர்கள் என்பதில் ஒரு பொறி இருக்கிறது. 'டெம்ப்' அடைவில் உருவாக்கி அமைவு அடைவுக்கு நகர்த்தினால், எஸ்இலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அடுக்கு ஓடும் ரெட் ஹாட் சர்வரில் அந்தக் கோப்பு தற்காலிக அடைவுக்குரிய முத்திரையோடே வந்து சேரும். அனுமதிகள் எல்லாம் சரியாகத் தெரிந்தும் சர்வரால் அதைப் படிக்க முடியாது. இலக்கு அடைவிலேயே உருவாக்குங்கள். ஆனால் அதன் பெயர் '.கான்ஃப்' என்று முடிய வேண்டாம், இல்லையேல் அரைகுறையாக எழுதப்பட்ட அந்தக் கோப்பையும் சர்வர் சேர்த்துப் படித்துவிடும்.

சோதனைக் கட்டளையிலும் கவனம் தேவை. டெபியனில் 'அப்பாச்சி2' இயங்கு கோப்பை நேரடியாக அழைத்துச் சோதித்தால், அதற்குரிய சூழல் மாறிகள் ஏற்றப்படாததால் நல்ல அமைவும் பிழையாகத் தெரியும். 'அப்பாச்சிசிடிஎல்' வழியாக 'கான்ஃபிக்டெஸ்ட்' என்று அழைத்தால் இரு குடும்பங்களிலும் சரியாக ஓடும். என்ஜின்எக்ஸ் தன் வெற்றிச் செய்தியையும்கூடப் பிழைத் தடத்தில்தான் எழுதுகிறது. ஆகையால் செய்தி வந்ததா என்று பார்க்காமல் எக்ஸிட் கோடை (கட்டளை முடியும்போது தரும் எண்ணை) பாருங்கள்.

எட்டாம் படி: சிறு கருவிகளின் பேச்சுவழக்குகள்

உரையைத் திருத்தும் 'செட்' கட்டளையின் கோப்பிலேயே திருத்தும் தெரிவு, லினக்ஸில் வழக்கமான குனூ வடிவத்தில் நகலுக்கான பின்னொட்டு இல்லாமல் ஓடும். ஃப்ரீபிஎஸ்டியிலும் மேக்ஓஎஸிலும் பின்னொட்டைக் கேட்கும். தற்காலிகக் கோப்பில் எழுதிப் பெயர் மாற்றினால் இந்தச் சிக்கலே இல்லை. 'டேட்', 'ஸ்டாட்' இரண்டின் தெரிவுகளும் இப்படியே மாறுபடும். உரையை வரிவரியாகப் பிரித்துப் படிக்கும் 'ஆக்' என்ற பெயருக்குப் பின்னால் டெபியனில் மாக் இருக்கும், ரெட் ஹாட்டில் காக் இருக்கும். காக்கிற்கே உரிய ஃபங்ஷன்களைத் தவிர்த்துவிடுங்கள்.

தேதியைப் பற்றி ஒரு பக்கச் செய்தி. மாத எண்ணை '08' என்று பெற்று ஷெல் கணக்கில் போட்டால், பாஷ் அதை எட்டடிமான எண்ணாகக் கருதிப் பிழை காட்டும். ஜூலைவரை ஓடிய ஸ்கிரிப்ட் ஆகஸ்ட் முதல் தேதி நின்றுபோய், அக்டோபரில் தானாகக் குணமானால், வேறெங்கும் தேட வேண்டாம்.

வெளியீட்டைப் படித்து முடிவெடுக்கும் ஸ்கிரிப்ட், தொடக்கத்திலேயே மொழி அமைவை 'எல்சி-ஆல்' வழியாக 'சி' என்று நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் வேறு மொழியில் அமைக்கப்பட்ட சர்வரில் நீங்கள் தேடும் சொல்லே வராது. 'பாத்' மாறியையும் நீங்களே முழுமையாக எழுதிவிடுங்கள். டெபியன் 10 முதல், 'எஸ்யூ' என்று மட்டும் கொடுத்து ரூட்டாக மாறினால் பழைய பயனரின் பாதைகளே தொடரும்; 'எஸ்பின்' அடைவுகள் அதில் இல்லாததால் 'ஏ2என்சைட்' என்ற கட்டளையே இல்லை என்று ஷெல் சாதிக்கும். கிரானிலும் இதே நிலைமைதான்.

பைத்தானை அழைப்பவர்கள் எண் இல்லாத 'பைத்தான்' என்ற பெயரை விட்டுவிட வேண்டும். ரெட் ஹாட் 8-இலும் உபுண்டு 20.04-இலும் அந்தப் பெயர் இயல்பாக இருப்பதில்லை.

ஒன்பதாம் படி: பாதுகாப்பு அடுக்குகளும் பதிவுகளும்

உபுண்டுவில் சரியாக ஓடிய என்ஜின்எக்ஸ் ரிவர்ஸ் பிராக்சி (கோரிக்கையை வேறொரு சர்வருக்குக் கடத்தும்) அமைவு, ரெட் ஹாட்டில் 502 பிழை தரும். பதிவில் 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று இருக்கும். சர்வர் வெளியே பிணையத் தொடர்பு எடுப்பதை எஸ்இலினக்ஸ் இயல்பாகத் தடுப்பதே காரணம். அதற்கென உள்ள பூலியன் (ஆம்/இல்லை அமைவு) ஒன்றை நிரந்தரமாக இயக்க வேண்டும். எஸ்இலினக்ஸையே அணைத்துவிடும் ஸ்கிரிப்டுகளை இணையத்தில் ஏராளமாகக் காணலாம், அவற்றைப் பின்பற்றாதீர்கள். ஆவண அடைவை வழக்கமில்லாத இடத்தில் வைத்தால் முத்திரை விதியையும் பதிவுசெய்து, பின்பு 'ரெஸ்டோர்கான்' ஓட்ட வேண்டும். விதியைப் பதியும் 'செமேனேஜ்' கட்டளை சிறிய நிறுவல்களில் இருக்காது. அதைத் தரும் பேக்கேஜின் பெயரும் 7-இலிருந்து 8-க்குப் போகும்போது மாறியிருக்கிறது.

ஃபயர்வாலுக்கு, ரெட் ஹாட்டில் ஃபயர்வால்டி, உபுண்டுவில் யூஎஃப்டபிள்யூ. எது ஓடுகிறதோ அதில் மட்டும் விதியைச் சேருங்கள். எதுவும் ஓடவில்லையென்றால் நீங்களாக எதையும் இயக்காதீர்கள், எஸ்எஸ்எச் இணைப்பே அறுந்துபோகலாம்.

டெபியன் 12-இல், பதிவுக் கோப்புகளை எழுதும் ஆர்சிஸ்லாக் இயல்பாக நிறுவப்படுவதில்லை. 'ஆத்.லாக்' கோப்பைப் படித்து உள்நுழைவு முயற்சிகளை எண்ணும் ஸ்கிரிப்டுகள் அங்கே கோப்பே இல்லாமல் திகைக்கும். சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னல் வழியாகப் படிக்கும் பாதையையும் எழுதி வையுங்கள். அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் பதிவுகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவை தம் கோப்புகளைத் தாமே எழுதுகின்றன.

பத்தாம் படி: சோதனை

ஷெல்செக் என்ற கருவி, முதல் வரியில் அறிவித்த ஷெல்லுக்குப் பொருந்தாத வரிகளை ஓட்டாமலே காட்டிவிடும்; மேலே சொன்ன '&>' பொறியையும் அது பிடிக்கும். அடுத்து, ஆதரவுப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு பதிப்பின் கன்டெய்னரிலும் ஓட்டுங்கள். அந்தப் படிமங்கள் மிகச் சிறியவை என்பது ஒரு குறையன்று, வரம். இருக்கும் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்த பல கட்டளைகள் அங்கே இருக்காது. ஆனால் சேவை மேலாண்மை, எஸ்இலினக்ஸ், ஃபயர்வால் மூன்றையும் கன்டெய்னரில் நம்பிச் சோதிக்க முடியாது. அவற்றுக்கு மெய்நிகர் கணினிதான் வேண்டும்.

ஒவ்வொரு சூழலிலும் ஸ்கிரிப்டை இரண்டு முறை ஓட்டுங்கள். இரண்டாம் முறை அது எதையும் மாற்றாமல் வெற்றியோடு முடிய வேண்டும். பிறகு வேண்டுமென்றே அமைவுக் கோப்பை உடைத்து மூன்றாம் முறை ஓட்டி, அது ரீலோடு செய்யாமல் நிற்கிறதா என்று பாருங்கள். இந்த மூன்றாம் ஓட்டத்தை நான் பல ஆண்டுகள் செய்யாமலே இருந்தேன்.

இவ்வளவையும், பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் அன்சிபிள் போன்ற கருவியிடம் ஒப்படைத்துவிடலாமே என்று தோன்றலாம். பத்துக்கு மேற்பட்ட சர்வர்கள் இருந்தால் நானும் அதையே சொல்வேன். பேக்கேஜ், சேவை ஆகியவற்றின் வேறுபாடுகளை அது பெருமளவு மறைத்துவிடும். ஆனால் அமைவுக் கோப்பின் இலக்கணத்தை அது மறைக்காது. தனக்கெனப் பதிப்புச் சிக்கலையும் கொண்டுவரும். அதன் 2.17 கோர் பதிப்பு, இலக்குக் கணினியில் பைத்தான் 3.7 அல்லது அதற்கு மேல் கேட்கிறது. ரெட் ஹாட் 8-இன் சிஸ்டம் பைத்தானோ 3.6.

கடைசியாக, ஸ்கிரிப்டில் எதையும் மாற்றாமல், தான் கண்டறிந்த மதிப்புகளை மட்டும் அச்சிட்டு வெளியேறும் ஒரு சோதனை முறையைச் சேர்த்து வையுங்கள்: குடும்பம், பதிப்பு, சேவைப் பெயர், அமைவு அடைவு, இயங்கும் பயனர், சர்வர் மென்பொருளின் பதிப்பு, எஸ்இலினக்ஸ் நிலை. புதிய இயங்குதளப் பதிப்பு வெளியாகும்போது முதலில் இதை மட்டும் அங்கே ஓட்டி, பழைய பதிப்பின் அச்சோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்த பிறகே, ஆதரவுப் பட்டியலில் அந்தப் பதிப்பின் எண்ணைச் சேருங்கள்.